பல்லில் பூச்சி இல்லை... பின்னே ஓட்டை போட்டது யார்?

"டாக்டரய்யா, போன தடவை நீங்க குடுத்த கிராம்புத் தைலத்துலயே புள்ளைக்கு வலி நின்னுபோச்சு. அஞ்சாறு மாசம் ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப என்னடான்னா கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கெடக்கு. அந்தத் தைலத்தையே இன்னும் ஒரு பாட்டில் குடுத்திருங்க..."

கம்பம் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த அம்மாச்சி இப்படிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. குழந்தைக்கு எட்டரை வயது. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம், அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. வசதிக்கும் குறைவில்லை, படிப்புக்கும் குறைவில்லை. அப்படியும் குழந்தையின் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று பாதி கரைந்து, அடியில் சீழ் கட்டி, உடம்பு காய்ச்சலில் கொதித்தது.

"ஏம்மா, பல் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேனே?"

"வலிதான் நின்னுபோச்சே! அதுவுமில்லாம பால் பல்லுதானேய்யா, விழுந்து மொளைக்கப் போகுது..."

இந்த இரண்டு வரிக்குள் இரண்டு தவறு. மூன்றாவது தவறு என்னுடையது. முதல் தடவை வந்தபோது, "பல் டாக்டரையும் ஒரு தரம் பாருங்க" என்று போகிறபோக்கில் சொன்னேனே ஒழிய, அழுத்திச் சொல்லவில்லை. அன்றே அந்தக் குழந்தையைப் பல் மருத்துவரிடம் அனுப்பி வைத்தோம். பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுக்க வேண்டியதாயிற்று. அது பால் பல் அல்ல. ஆயுசு முழுக்க இருக்க வேண்டிய பல்.

இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் இந்தக் கட்டுரை. சொத்தை எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால், தடுப்பது மிக மிகச் சுலபம்.

பூச்சி உண்டா, இல்லையா?

நம் ஊர்ப் பக்கம் 'சொத்தைப் பல்' என்பதைவிட 'பூச்சிப் பல்' என்று சொல்வதுதான் அதிகம். பல்லுக்குள் புழு இருந்து குடைகிறது என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமில்லை. பழைய பாபிலோனியர்களின் களிமண் ஏடுகளிலேயே பல் புழு வருகிறது.

கண்டங்கத்திரி விதையை நெய்யில் பிசறித் தணலில் போட்டு, அந்தப் புகையை வாயில் பிடிக்கச் செய்கிற வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. புகை பிடித்து முடித்ததும், "இதோ பார், புழு விழுந்திருக்கு" என்று காட்டுவார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். அங்கே பயன்பட்டது குரோசாணி ஓமத்தின் விதை. அதுவும் கண்டங்கத்திரியின் குடும்பத்தைச் சேர்ந்த செடியே. விழுந்தது புழு அல்ல, சூட்டில் வெடித்த விதைக்குள் வளைந்து கிடந்த முளை என்று அங்கே கண்டுபிடித்துவிட்டார்கள். 1728-ல் பல் மருத்துவத்துக்கென்றே பெரிய நூல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார், பல் புழுவை ஏற்றுக்கொள்ளவில்லை.

சரி, புழு இல்லையென்றால் ஓட்டை போட்டது யார்? விடையைச் சொன்னவர் வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். பெர்லினில் ஆராய்ச்சி செய்து 1890-ல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: வாயில் உள்ள கிருமிகள், நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. 1924-ல் இந்த வேலையில் முக்கியப் பங்கு வகிக்கும் ஒரு கிருமியையும் அடையாளம் கண்டார்கள். 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்று பெயர்.

ஆக, பூச்சி என்று நம் பாட்டிமார் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத பூச்சி. பல்லைக் கடித்துத் தின்பதில்லை. நாம் போடும் தீனியைத் தின்றுவிட்டு, புளிப்பைக் கக்குகிறது!

சொத்தை விழுவது எப்படி?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு முட்டை ஓட்டை வினிகரில் போட்டு வையுங்கள். குமிழ் குமிழாக வரும். மறுநாள் பார்த்தால் ஓடு கரைந்து, மெல்லிய தோல்தான் மிஞ்சும். சுண்ணாம்புச் சத்தைப் புளிப்பு கரைத்துவிட்டது.

பல்லின் மேல் அடுக்குக்கு எனாமல் என்று பெயர். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் சுமார் 96 சதவீதம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. ஆனால் அதில் உயிரணு கிடையாது. தோல் கிழிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் கூடும். எனாமலில் ஓட்டை விழுந்தால் தானாக மூடாது.

பல் தேய்த்த சில மணி நேரத்துக்குள் பல்மீது மெல்லிய வழவழப்பான படலம் படிகிறது. நாக்கால் தடவினால் தெரியும். இது கிருமிகளின் குடியிருப்பு. நாம் இனிப்பு ஏதாவது சாப்பிட்ட சில நிமிடங்களில் இந்தப் படலத்தில் புளிப்பு ஏறுகிறது. புளிப்பை அளக்கும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரைய ஆரம்பிக்கும்.

அப்படியானால் இனிப்பு சாப்பிட்ட எல்லோருக்கும் பல் போக வேண்டுமே? அங்கேதான் எச்சில் வந்து காப்பாற்றுகிறது. எச்சில் புளிப்பைத் தணிக்கிறது. அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தில் திரும்பவும் போய்ப் படிகின்றன. ஆனால் இதற்கு அவகாசம் வேண்டும். புளிப்பு ஏறச் சில நிமிடம் போதும். பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. 1940-களில் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை அளந்து காட்டினார்.

கரைவதும் படிவதும் தினமும் நடக்கும் வரவு செலவு. செலவு கூடிக்கொண்டே போனால் முதலில் பல்லில் சுண்ணாம்பு வைத்தது போல ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். வலி இருக்காது. இந்தக் கட்டத்தில் கவனித்தால் ஓட்டை விழாமலே பல்லைத் தேற்றிவிடலாம். விட்டுவிட்டால் எனாமல் உடைந்து குழி விழும்.

எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கு மென்மையானது. அங்கே சொத்தை வேகமாகப் பரவும். வயல் வரப்பில் நண்டு வளை பார்த்திருப்பீர்கள். வெளியே சின்னத் துளை. உள்ளே தோண்டிப் பார்த்தால் வரப்பே பொக்கையாக இருக்கும். சொத்தையும் அப்படித்தான். அடுத்து பல்லின் நடுவே உள்ள நரம்பும் ரத்தக் குழாயும் நிறைந்த பல்கூழைத் தொடும்போதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வலி வருகிறது.

எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை!

"டாக்டர், எங்க வீட்டுல ஸ்வீட்டே வாங்கறதில்லீங்க. எப்படி சொத்தை வந்துச்சு?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. அவர்களிடம் நான் ஒரு நாள் கணக்கைக் கேட்பேன்.

காலை 6 மணிக்குச் சர்க்கரை போட்ட சத்துமாவுப் பால். 8 மணிக்குத் தோசை. பத்தரைக்குப் பள்ளியில் பிஸ்கட். மதியம் சாப்பாடு. நாலரைக்கு வீட்டுக்கு வந்ததும் டீயும் பன்னும். ஐந்தரைக்குக் கடை மிட்டாய் ஒன்று. ஏழு மணிக்குப் படிக்கும்போது கொறிக்க ஏதாவது. எட்டரைக்கு இட்லி. படுக்கும்போது மறுபடியும் சர்க்கரைப் பால்.

ஒன்பது தடவை! ஒவ்வொரு தடவையும் அரை மணி என்று வைத்தாலும் நாலரை மணி நேரம் பல் புளிப்பில் ஊறுகிறது. எச்சில் வந்து சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த தீனி வந்துவிடுகிறது. இந்த வீட்டில் ஸ்வீட் கடைப் பெட்டி ஒன்றுகூட இல்லைதான். ஆனாலும் சொத்தைக்கு இது போதும்.

இதைப் பெரிய அளவில் பரிசோதித்துப் பார்த்த இடம் ஸ்வீடன் நாட்டின் விப்பேஹோல்ம். 1945-லிருந்து சில வருடங்கள், அங்கே மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லத்தில் ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டோடு மட்டும் சர்க்கரை கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டும் டாஃபி கொடுத்தார்கள். அந்த மனிதர்களிடம் சம்மதம் கேட்காமல் செய்த காரியம் இது. இன்று எந்த நாட்டிலும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் பல்லைக் கொடுத்துக் கிடைத்த பாடம் உலகத்துக்கே பயன்படுகிறது. சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. இடையிடையே டாஃபி மென்றவர்களுக்கு மளமளவென்று கூடியது.

ஆகவே, இனிப்பே கூடாது என்று குழந்தையை அழவைக்க வேண்டாம். வீரபாண்டித் திருவிழாவில் வாங்கிய மிட்டாயை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தின்னச் சொல்லுங்கள். நாள் முழுக்கக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு திரிவதுதான் ஆபத்து.

நாட்டுச் சர்க்கரை நல்லதுதானே?

"நாங்க வெள்ளைச் சர்க்கரையே சேக்கறதில்ல, கருப்பட்டிதான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கருப்பட்டிக்கும் தேனுக்கும் உள்ள மருத்துவ குணத்தைச் சித்த மருத்துவனான நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் பல்லில் இருக்கும் கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெல்லம், கருப்பட்டி, தேன், வெள்ளைச் சர்க்கரை எல்லாமே அதற்குத் தீனிதான்.

நாங்கள் கொடுக்கும் லேகியத்துக்கும் இது பொருந்தும். வெல்லமும் தேனும் சேர்ந்து பல்லில் ஒட்டக்கூடியது லேகியம். இனிப்பு சிரப்பும் அப்படியே. ராத்திரி லேகியம் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுக்கக் கூடாது. வாய் கொப்பளித்து, பல் தேய்த்துவிட்டுப் படுங்கள்.

நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திராட்சை சாப்பிட்டால் சொத்தை வருமா என்று கேட்பவர்களும் உண்டு. பழமாக மென்று தின்னும்போது எச்சில் நன்றாக ஊறும், பயமில்லை. அதையே சர்க்கரை சேர்த்துச் சாறாக்கி மணிக்கணக்கில் உறிஞ்சினால் கெடுதல். உலர் திராட்சையும் பல்லிடுக்கில் ஒட்டும். தின்றதும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

பாட்டிலோடு தூங்கும் குழந்தை

தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். காவல்காரன் தூங்கும் நேரத்தில் திருடனைக் கூப்பிட்டு விடுவது போல, பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க வைக்கிறோம். இந்தக் குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள் நாலும் பழுப்பாகிக் கரைந்து, வேர் மட்டும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பால் குடித்து முடித்ததும் பாட்டிலை எடுத்துவிடுங்கள். பாலில் சர்க்கரை பழக்காதீர்கள். ஒரு வயதுக்குள் டம்ளருக்குப் பழக்கிவிடுவது உத்தமம். சொத்தைக் கிருமி பெரியவர்கள் வாயிலிருந்து குழந்தைக்குத் தொற்றக்கூடியது. உங்கள் பல்லில் உள்ள சொத்தையை முதலில் சரிசெய்யுங்கள். நீங்கள் சுவைத்த ஸ்பூனால் குழந்தைக்கு ஊட்டாதீர்கள்.

ஆறு வயதில் வரும் விருந்தாளி

அந்த அம்மாச்சி செய்த தவறு ஆயிரம் வீடுகளில் நடக்கிறது. ஒரு பால் பல் விழுந்து, அந்த இடத்தில் முளைப்பதுதான் நிரந்தரப் பல் என்று நினைக்கிறோம். ஆனால் ஆறு வயது வாக்கில், பால் கடைவாய்ப்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நாலு கடைவாய்ப்பற்கள் சத்தமில்லாமல் முளைக்கின்றன. இவை நிரந்தரப் பற்கள். இவை போனால் வேறு முளைக்காது. மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சோற்றுப் பருக்கையும் பிஸ்கட்டும் அடைந்து, முதலில் சொத்தையாவதும் இவையே.

பால் பற்கள் மொத்தம் 20. ஒரு பக்கத்துக்கு ஐந்து என்று முன்னாலிருந்து எண்ணுங்கள். ஆறாவதாக ஒன்று இருந்தால் அதுதான் இந்த விருந்தாளி. அதன் பள்ளங்களைச் சொத்தை விழும் முன்பே பூசி அடைக்கும் வசதி பல் மருத்துவர்களிடம் இருக்கிறது. ஊசி கிடையாது, வலி கிடையாது.

பால் பல்தானே என்று அலட்சியமும் வேண்டாம். பால் கடைவாய்ப்பற்கள் பத்து பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. முன்னதாகவே போனால் பக்கத்துப் பற்கள் சரிந்து, பின்னால் முளைக்கும் பல் கோணலாக வரும்.

வலி நின்றால் குணமா?

கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினால் என்ற பொருள் நரம்பை மரக்கச் செய்கிறது. ராத்திரியில் டாக்டர் கிடைக்கும் வரை தாக்குப்பிடிக்க நல்ல கைமருந்து. பஞ்சில் ஒரு துளி தொட்டு, பல்லின் குழியில் மட்டும் வைக்க வேண்டும். ஈறில் பட்டால் புண்ணாகும். சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம்.

ஆனால் எந்தத் தைலமும், எந்தக் கஷாயமும், எந்தச் சூரணமும் விழுந்த குழியை மூடாது. இதை ஒரு சித்த மருத்துவன் சொல்வதால் நம்புங்கள். சில நாள் துடித்துவிட்டு வலி தானாக நின்றுபோனால், பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். கிருமி மட்டும் சாகவில்லை. அது வேருக்கு இறங்கி, எலும்பில் சீழ் கட்ட வைக்கும். அந்தக் குழந்தைக்கு நடந்தது இதுதான்.

எருக்கம்பால் வைப்பது, ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லில் அடக்குவது, புகையிலை வைப்பது, கன்னம் வீங்கினால் சூடு ஒத்தடம் கொடுப்பது எல்லாம் கூடாது. வீக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே பல் மருத்துவரைப் பாருங்கள். வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்துக்கோ இறங்கினால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இது உயிருக்கே ஆபத்தான நிலை.

குச்சியா? பிரஷ்ஷா?

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது பொய்யல்ல. வேப்பங்குச்சியை நுனி தும்பாகும்வரை மென்று, மெதுவாகத் தேய்த்தால் ஈறு உறுதிப்படும், எச்சிலும் ஊறும். ஆனால் கடைவாய்ப் பள்ளத்துக்கும் பல்லிடுக்குக்கும் குச்சி சரியாக எட்டாது. செங்கல் பொடி, சாம்பல், கொரகொரப்பான கரித்தூள் எனாமலையே தேய்த்துவிடும். எண்ணெய் கொப்பளிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் பிரஷ்ஷுக்கு மாற்றில்லை.

நான் சொல்லும் சமரசம் இது: காலையில் விருப்பமானால் குச்சி. ராத்திரி படுக்கும் முன் கண்டிப்பாக ஃபுளோரைடு பேஸ்ட்டும் மென்மையான பிரஷ்ஷும்.

"ஃபுளோரைடு விஷமாச்சே?" என்பீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாகி, பல் கறைபட்ட மக்களைப் பார்த்த பயம் அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆனால் பேஸ்ட்டைக் குடிப்பதில்லையே, தேய்த்துத் துப்புகிறோம். பல்லில் படும் கொஞ்ச ஃபுளோரைடு, கரைந்த தாது திரும்பப் படிய உதவுகிறது. அப்படிப் படிந்த இடம் புளிப்பையும் நன்றாகத் தாங்கும். எல்லாம் அளவுதான்.

வீட்டில் எல்லோருக்கும்...

* முதல் பல் முளைத்த நாளிலிருந்து பல் தேய்க்க வேண்டும். மூன்று வயது வரை அரிசி அளவு பேஸ்ட், மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. வாங்கும்போது டியூபில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

* ஏழு எட்டு வயது வரை ராத்திரி நீங்களே தேய்த்துவிடுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

* தேய்த்ததும் பேஸ்ட்டைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டு நிறையக் கொப்பளித்தால் ஃபுளோரைடு போய்விடும். அதன்பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது.

* இனிப்பும் நொறுக்குத் தீனியும் சாப்பாட்டோடு சேர்த்து. இடையில் பசித்தால் வேர்க்கடலை, சுண்டல், மோர், வெள்ளரிக்காய்.

* மாதம் ஒருமுறை குழந்தையின் மேல் உதட்டைத் தூக்கி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் திட்டோ பழுப்புப் புள்ளியோ தெரிந்தால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

* வயதானவர்களுக்கு ஈறு இறங்கி வேர் தெரியும் இடத்தில் சொத்தை விழும். சர்க்கரை வியாதியாலும் சில பிரஷர் மாத்திரைகளாலும் வாய் வறண்டுபோகிறவர்கள் அடிக்கடி தண்ணீர் குடித்து, கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

* ஆறு மாதம் அல்லது வருடம் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சின்னக் குழியை அடைக்க ஒரு தடவை போனால் முடியும். அதையே தள்ளிப்போட்டால் வேர் சிகிச்சை, தொப்பி என்று ஆயிரக்கணக்கில் செலவு.

அந்தக் குழந்தை இப்போதும் அம்மாச்சியோடு என்னிடம் வருகிறாள். "தாத்தா, ராத்திரி பல் தேச்சேன்" என்று வாயைத் திறந்து காட்டுகிறாள். மற்ற மூன்று விருந்தாளிகளும் பத்திரமாக இருக்கின்றன. நாலாவது இடம் மட்டும் காலி.

இன்று ராத்திரி உங்கள் வீட்டுக் குழந்தை தூங்கும் முன், வாயைத் திறக்கச் சொல்லி ஆறாவது பல்லை எண்ணிப் பாருங்கள்!